கேர் விசாவில் இருப்பவர்கள் ஃபுட் பேங்க் போகலாமா?

காவிரிக்கரை:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மனைவி கேர் விசாவில் (வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான விசா) 2023 இல் இங்கிலாந்து வந்தாள். நான் அவள் விசாவைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட். லெஸ்டரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். பெரியவள் ரிசப்ஷன் வகுப்பு, சின்னவனுக்கு இரண்டு வயது.

மனைவியின் ஸ்பான்சர்ஷிப் சர்டிஃபிகேட்டில் (விசாவுக்காகக் கம்பெனி கொடுத்தது) வாரம் 39 மணி நேர வேலை என்று இருக்கிறது. இப்போது ரோட்டாவில் (வேலை அட்டவணை) 16, 18 மணிக்கு மேல் வருவதில்லை. கேட்டால் கிளையன்ட் குறைந்துவிட்டார்கள் என்கிறார்கள். ஒரு வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்கு ஓட்டிப் போகும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, பெட்ரோலும் கைக்காசு. நான் ஏஜென்சி மூலம் வேர்ஹவுஸ் போய்க்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்ததோடு ஷிஃப்ட் மெசேஜ் நின்றுபோனது. வாடகை, கவுன்சில் டாக்ஸ், கரண்ட் மீட்டர், ஏஜென்ட்டுக்குக் கொடுக்க ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் போய் மிஞ்சுவதில்தான் சாப்பாடு. மற்ற எதிலும் கை வைக்க முடியாது, சாப்பாட்டில் மட்டும்தான் முடிகிறது.

பிள்ளைகளுக்கு இதுவரை குறை வைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டோம். அவள் வேலை என்ன தெரியுமா? வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு மைக்ரோவேவில் சாப்பாடு சூடுபண்ணி, ஊட்டிவிட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று ஆப்பில் எழுதிவைப்பது.

பெரியவள் ஸ்கூல் வாசலில் ஃபுட் பேங்க் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சர்ச் ஹாலில், வியாழக்கிழமை. விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகை) கூடாது என்று போட்டிருக்கிறதே, அங்கே போனால் நாளைக்கு ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) போடும்போது வம்பு வருமா? உள்ளே என்ன கேட்பார்கள், பாஸ்போர்ட் காட்டச் சொல்வார்களா? நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். சும்மா கொடுப்பதை வாங்க வந்துவிட்டு இது வேண்டாம் அது வேண்டாம் என்றால் நன்றாக இருக்குமா?

நான் தஞ்சாவூரில் செல்போன் கடை வைத்திருந்தவன். ரேஷனில் அரிசி வேண்டாம், சர்க்கரை கார்டு போதும் என்று எழுதிக்கொடுத்த வீடு எங்கள் வீடு. அதனால்தான் இந்தப் பெயரில் வந்து கேட்கிறேன்.

கோவன்ட்ரி நர்ஸ்:

விசா பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

ஃபுட் பேங்க் பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது. அது தர்மம், சர்ச்சும் ஊர்க்காரர்களும் கொடுப்பது. பப்ளிக் ஃபண்ட்ஸ் என்றால் யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட் மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். தெரியாமல் சைல்ட் பெனிஃபிட் போட்டு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். என்.எச்.எஸ்., பள்ளிக்கூடம், ஃபுட் பேங்க் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

மகள் ரிசப்ஷன் என்றீர்கள். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷன், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2014 முதல் மதியச் சாப்பாடு இலவசம். சம்பளமும் விசாவும் கேட்பதில்லை. அதை எடுக்கிறாளா? நம் ஆட்கள் பாதிப் பேர் பிள்ளைக்கு அந்த ருசி பிடிக்காது என்று டிஃபன் கட்டி அனுப்புகிறோம். சின்னவனுக்கும் இரண்டு வயதில் வாரம் 15 மணி நேரம் இலவச நர்சரி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வருமானம் குறைவாக இருந்தால் நம் மாதிரி விசாக்காரர்களுக்கும் உண்டு, கவுன்சில் வெப்சைட்டில் பாருங்கள்.

இப்போது மனைவியின் வேலை. ஒரு கிளையன்ட் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேரும். சேர்க்காமல் விடுவது திருட்டு, வேறு பெயர் வேண்டாம். வேலைச் சட்டத்துக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் ஹெல்ப்லைனில் பெயர் சொல்லாமலே கேட்கலாம். இப்போது இருக்கும் வேலையை விடாமலே வேறொரு கேர் கம்பெனியில் வாரம் 20 மணி நேரம் வரை கூடுதலாகச் செய்யவும் விசாவில் இடம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது, கம்பெனியும் சொல்லாது. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கேர் கம்பெனிகள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் முன் இங்கேயே ஸ்பான்சர் இல்லாமல் நிற்பவர்களை எடுக்கப் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. ஜூலையில் வெளிநாட்டு வழியையே மூடிவிட்டார்கள். ஆகவே உள்ளே இருப்பவர்களுக்கு இடம் உண்டு, தேடச் சொல்லுங்கள். கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்தாகி, 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேடு இல்லாவிட்டால் கிளம்பு என்ற கடிதம் கையில் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே ஓடுவது மேல்.

ஈஸ்ட் ஹாம் அக்கா:

தம்பி, நான் கிழக்கு லண்டனில் ஒரு ஃபுட் பேங்கில் கிழமைக்கு ஒரு நாள் நிற்கிறேன். முன்பு பெட்ரோல் ஸ்டேஷனில் காசாளர், இப்போது பென்ஷன். ஊர் யாழ்ப்பாணம். உங்கள் வீடு சர்க்கரை கார்டு வீடு என்றீர்கள், எங்கள் வீடு நிவாரண அட்டை வீடு. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அம்மா அந்த அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருப்பா. அதனால் எனக்கு வரிசையில் நிற்கிற ஆட்களைப் பார்த்தால் விநோதமாகத் தெரிவதில்லை.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். போஸ்டரில் ட்ரஸல் (நாடு முழுக்க ஃபுட் பேங்குகள் உள்ள தர்ம அமைப்பு) என்ற பெயர் இருந்தால் பெரும்பாலும் வவுச்சர் வேண்டும். வவுச்சரை நாங்கள் தருவதில்லை. பள்ளிக்கூடம், டொக்டர், ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற நர்ஸ்), சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவசமாக ஆலோசனை சொல்கிற அமைப்பு) ஆட்கள் தருவார்கள். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறபடியால் ஹெல்த் விசிட்டர் உங்களுக்கு இருப்பா, இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் குடும்பங்களைப் பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பார். ஒருவரும் அகப்படாவிட்டால் 0808 208 2138, இலவச நம்பர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆட்கள் எடுப்பார்கள். வவுச்சரில் பெயர், பெரியவர்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, என்ன காரணம் என்று இருக்கும். எங்களிடம் வருகிற ஆட்களிடம் நாங்கள் பாஸ்போர்ட் கேட்பதில்லை, விசா பார்க்கிற ஹோம் ஆபீஸுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. சில சர்ச், பள்ளிவாசல், தனி அமைப்புகள் நடத்துகிற இடங்களில் வவுச்சரே தேவையில்லை. போஸ்டரில் உள்ள நம்பருக்கு முதலில் எடுத்துக் கேளுங்கள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

மாட்டிறைச்சி விஷயம். அதைக் கேட்பது எங்கள் வேலை. ஹலால், சைவம், சீனி வருத்தம் (சர்க்கரை நோய்), எல்லாம் கேட்டு எழுதித்தான் பை கட்டுகிறோம். வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் கோர்ன்ட் பீஃப் ரின்னை (டின்) வாங்கிப்போய்க் குப்பையில் போட்டால்தான் எனக்குக் கோபம் வரும். நீங்கள் கேட்காமல் விடக்கூடிய வேறு விஷயங்களையும் சொல்கிறேன்: நாப்பி (சைஸ் சொல்ல வேண்டும்), மனைவிக்குப் பேட், சோப், பல் தீட்டுகிற பேஸ்ட். ரின் திறப்பான் இல்லாவிட்டால் அதுவும். கரண்ட் மீட்டருக்குக் காசு போட முடியாமல் இருக்கிறது என்றால் வாய் திறந்து சொல்லுங்கள், பல ஃபுட் பேங்குகள் அதற்கும் வவுச்சர் எடுத்துத் தருவார்கள். அடுப்பே இல்லாத ஆட்களுக்கு, கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சாப்பிடுகிற மாதிரி தனிப் பெட்டி கட்டுகிறோம் என்றால் நிலைமையைப் பாருங்கள்.

பெட்டியில் மூன்று நாளைக்குரிய சாமான் இருக்கும். சீரியல், பாஸ்தா, அரிசி, ரின் தக்காளி, பேக்ட் பீன்ஸ், கடலை அல்லது பருப்பு, ரின் மீன், ரின் மரக்கறி, ரின் பழம், தேயிலை, சீனி, பிஸ்கட், பழுதாகாத பெட்டிப் பால். மரக்கறி, பழம், முட்டை அன்றைக்கு யாராவது தந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நாலு பேருக்கான பாரம் இரண்டு கையில் அடங்காது. மகனின் தள்ளுவண்டியைக் கொண்டு போங்கள், அவன் நடந்து வரட்டும்.

இந்தச் சாமானில் எங்கட ஆட்களுக்குள்ள ஒரு வசதியைச் சொல்கிறேன். வெள்ளைக்காரச் சனம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறது எது தெரியுமோ? கொண்டைக்கடலை, சிவப்பு பீன்ஸ், மைசூர்ப் பருப்பு. என்ன செய்வது என்று தெரியாது அவர்களுக்கு. எங்கட அலுமாரியில் அது எப்போதும் மிதமிஞ்சிக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா என்று கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். ரின் மீன் தக்காளிச் சாறோடு வந்தால் குழம்புக்குத் தக்காளி மிச்சம். பேக்ட் பீன்ஸ் இனிக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்துப் பிரட்டி எடுத்தால் பாணோடு (பிரெட்) சாப்பிடலாம். ஓட்ஸ் தந்தால் கஞ்சி, உப்புமா எது வேண்டுமென்றாலும். பாஸ்தாவுக்கு மட்டும் நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, என் மருமகள் அதில் கொத்து ரொட்டி மாதிரிக் கொத்து போடுகிறாள், எனக்கு இறங்காது. தூள், மஞ்சள், சீரகம் ஒரு பெட்டியிலும் வராது. எங்கட இடத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர் மிளகாய்த்தூள் பொதி தருகிறார், நான் ஒரு டப்பாவில் வைத்துத் தமிழ், வங்காளிச் சனம் வந்தால் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

சும்மா கொடுப்பதை வாங்க வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் வருகினம் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ தெரியவில்லை. அகதி ஹோட்டலில் இருக்கிற எங்கட பெடியள் வருகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு ஹோட்டலில், கைச்செலவுக்குக் கிழமைக்குப் பத்துப் பவுண்டுக்கும் குறைவு. யுனிவர்சல் கிரெடிட் போட்டு முதல் காசு வர ஐந்து கிழமை காத்திருக்கிற தாய்மார் வருகிறார்கள். ஆனால் மற்றப் பெரும் பங்கு வேலைக்குப் போகிற சனம். செக்யூரிட்டி, கிச்சன் போர்ட்டர், உங்கள் மனைவி மாதிரிக் கேர் உடுப்போடேயே ஓடி வருகிற பெண்கள். சூப்பர்மார்க்கெட் வாசலில் எங்கட நன்கொடைப் பெட்டி வைத்திருக்கிறது. அதே கடையில் ஷெல்ஃப் அடுக்குகிற பிள்ளை ஒருத்தி எங்களிடம் பை எடுக்க வருகிறாள்.

ட்ரஸல் கதையும் அப்படித்தான் தொடங்கியது. பல்கேரியாவில் தெருப் பிள்ளைகளுக்கு உதவி செய்துகொண்டிருந்த ஒரு கணவன் மனைவிக்கு, இங்கிலாந்தில் சோல்ஸ்பரியிலிருந்து ஒரு தாய் ஃபோன் எடுத்து, என் பிள்ளைகள் இன்றைக்குப் பசியோடு படுக்கப்போகுதுகள், நீங்கள் அவர்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறா. 2000 ஆம் ஆண்டு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஆரம்பித்தார்கள். 2024-25 இல் அவர்களின் கணக்கில் மட்டும் 28 இலட்சத்து 90 ஆயிரம் பொதி, அதில் பத்து இலட்சத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு. தனியாக நடக்கிற இடங்கள், குருத்வாரா, பள்ளிவாசல் இதில் சேராது. இவ்வளவு பெரிய நாடு, கொட்டகையில் தொடங்கிய ஒன்றை அரசாங்கத் திணைக்களம் மாதிரி நடத்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது என் புறுபுறுப்பு, விடுங்கள்.

குருத்வாரா என்றதும் நினைவு வருகிறது. லெஸ்டரில் ஹோலி போன்ஸ் என்று ஒரு தெரு, அதில் குருநானக் குருத்வாரா இருக்கிறது. லங்கர் சாப்பாடு, அதாவது வருகிற எல்லோருக்கும் சும்மா போடுவது, சைவம், ஒரு கேள்வியும் இல்லை. தலையை மூட ஒரு துணி போதும். பஸ் காசு இருக்கிற நாளில் பிள்ளைகளோடு போங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். நிலைமை இன்னும் மோசமானால், பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்குக் கவுன்சில் உதவி செய்ய 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தில் 17 ஆம் பிரிவு இருக்கிறது. அதுவும் பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை. ஆனால் கவுன்சில் உங்கள் விசாவை விசாரிக்கும். அதற்கு முன் ஒரு ஆலோசகரோடு கதையுங்கள்.

ஸ்கார்பரோ வாசி:

யாரும் கோபிக்கக் கூடாது, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் இங்கே ஃபுட் பேங்குக்கு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அரிசி மூட்டை கொடுக்கிறவன். கனடாவில் 2024 மார்ச் மாதத்தில் மட்டும் 20 இலட்சம் தடவைக்கு மேல் சனம் ஃபுட் பேங்க் போயிருக்கிறது. டொரொண்டோவில் பத்தில் ஒருவருக்கு மேல். இதற்குள் ஸ்டூடன்ட் விசாவில் வந்த பெடியள் ஃபுட் பேங்கில் இலவசமாகச் சாமான் எடுப்பது எப்படி என்று வீடியோ போட்டார்கள். நல்லாச் செய்தீர்கள். வன்கூவர் ஃபுட் பேங்க் முதலாம் ஆண்டு வெளிநாட்டு மாணவருக்கு இல்லை என்றுவிட்டது. பிரம்டனிலும் ஒரு இடத்தில் அதே கதை. அவர்கள் கேட்பது நியாயம்தானே? விசா எடுக்கும்போது செலவுக்குக் காசு இருக்கிறது என்று கணக்குக் காட்டித்தானே வந்தாய்? எங்கள் கட்டடத்தில் ஒரு அம்மா, பென்ஷன் காசில் தனியாக இருக்கிறா. அவ போகிற நேரம் முட்டை முடிந்துவிடுகிறது.

காவிரிக்கரைத் தம்பியைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

ஈஸ்ட் ஹாம் அக்கா:

பொதுவாகச் சொல்கிறேன் என்று சொல்லித்தான் எல்லோரும் ஆளைப் பார்த்துச் சொல்வது.

அண்ணை, கனடா மாணவர் கணக்கு பத்தாயிரம் டொலரிலேயே வருஷக்கணக்காக நின்றது. வாடகை எங்கேயோ போனது, கணக்கு அங்கேயே கிடந்தது. 2024 ஜனவரியில்தான் 20,635 ஆக்கினார்கள். பத்தாயிரம் காட்டினால் போதும் என்று சொல்லிக் கூப்பிட்டது யார்? வீடியோ போட்டவனை நானும் திட்டுவேன். எங்கட இடத்தில் ஒரு பெடியன் அலுமாரியை ஃபோனில் பிடிக்கத் தொடங்க, நான்தான் வெளியே நிற்கச் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டு வந்த பிறகு பை கொடுத்தேன். பொய் சொல்கிறவன் வருவான். அதற்காக வாசலில் நின்று ஒவ்வொருவரின் பசியையும் நிறுக்க எனக்கு ஏலாது, அந்த வேலைக்கு நான் வரவில்லை.

இந்தத் தம்பி குடும்பத்துக்கு 39 மணி நேரச் சம்பளம் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அரசாங்கத்திடம் கொடுத்தது கம்பெனி. வாக்குத் தவறியது அவர்கள். முட்டை முடிந்ததற்கு அவர்களிடம் கணக்குக் கேளுங்கள்.

உங்கள் கட்டடத்து அம்மாவுக்கு வாசலில் கொண்டுவந்து தருகிற ஏற்பாடு இருக்கிறதோ என்று விசாரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்களிடம் கார் இருக்குமே.

ஸ்கார்பரோ வாசி:

கார் இருக்கிறது. விளங்குகிறது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தோம். ஸ்கூல் ஆபீஸில் கேட்டதும் ஒரு அம்மா தனியறைக்குக் கூட்டிப்போய் ஐந்து நிமிடத்தில் வவுச்சர் நம்பர் கொடுத்துவிட்டார். அவர் மேசையில் இதற்கென்றே ஒரு ஃபைல் இருந்தது, தடிமனாக.

ஹாலில் எங்களுக்கு டீ கொடுத்தவர், மனைவி காலையில் போய்ப் பார்க்கும் ஒரு பாட்டியின் மகள். சின்ன ஊர் என்றால் இப்படித்தான். மனைவி திரும்பிப் போய்விடலாம் என்று என் சட்டையைப் பிடித்தாள். அந்தப் பெண் எழுந்து வந்து, அம்மாவுக்கு நேற்று நீங்கள்தானே தலை வாரிவிட்டது என்று கேட்டார். அப்புறம் ரோட்டா எவ்வளவு மணி நேரம், சம்பளம் எப்படி என்று கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அந்தக் கம்பெனிக்கு அவர்கள் மணிக்கணக்கில் கட்டும் தொகை எவ்வளவு என்று சொன்னார். அதை இங்கே எழுதவில்லை, எழுதினால் உங்களுக்கும் வயிறு எரியும்.

அக்கா சொன்ன மாதிரி கொண்டைக்கடலை கூடவே கொடுத்தார்கள். மாட்டிறைச்சி ரின்னுக்குப் பதில் சூரை மீன். தள்ளுவண்டி யோசனைக்குத் தனியாக நன்றி. மகன் பாதி தூரம் நடந்தான், மீதி என் தோளில்.

மனைவி யூனிசன் தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். இன்னொரு கேர் ஹோமில் இன்டர்வியூவும் முடிந்தது, எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஆனால் ஸ்பான்சர் சர்டிஃபிகேட் செலவு என்று 2,000 பவுண்ட் கேட்கிறார்கள், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்களாம். கொடுக்கலாமா? ஊரில் இன்னொரு கடன் வாங்கத் தெம்பில்லை, ஆனால் 39 மணி நேரம் நிச்சயம் என்று எழுதித் தருகிறார்கள்.

கோவன்ட்ரி நர்ஸ்:

கொடுக்காதீர்கள். சர்டிஃபிகேட் கட்டணத்தை வேலைக்கு வருபவர் தலையில் கட்டக் கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் விதி இருக்கிறது. சம்பளத்தில் பிடிப்பதும் அதே கணக்குதான். கேட்டதை மெசேஜில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு யூனியன் ஆளிடம் காட்டுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். கிழக்கு மிட்லண்ட்ஸில் ஸ்பான்சர் இழந்த கேர் தொழிலாளர்களுக்கு வேலை தேடித்தரும் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, கவுன்சில்கள் சேர்ந்து நடத்துவது. யூனியன் ஆளிடமே அதற்கும் வழி கேளுங்கள்.